பெயர் கேட்காத வண்டி

ஏப்ரல் 21, 2021, புதன்

மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில், மகின்ஹாவா தெருவோரத்து மூங்கில் வண்டி இன்று மறுபடி திறந்திருக்கிறது. போன புதன்கிழமை ஆனா பட்ரீசியா நோன் என்ற 26 வயதுப் பெண் கொஞ்சம் அரிசி, காய்கறி, டின் உணவு வைத்துத் தொடங்கியது. முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அட்டை, அவ்வளவுதான். கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டதால், பயந்து நேற்று ஒரு நாள் மூடினார். அதற்குள் நாடு முழுக்க இதேபோல் நூற்றுக்கணக்கில் முளைத்துவிட்டன. சோஷியல் வெதர் ஸ்டேஷன்ஸ் கணக்கெடுப்பின்படி, போன செப்டம்பரில் அங்கே 30.7 சதவீதக் குடும்பங்கள் முந்தைய மூன்று மாதங்களில் ஒரு தடவையாவது சாப்பிட ஏதுமின்றிப் பட்டினி கிடந்திருக்கின்றன. மார்ச் கடைசியில் மீண்டும் ஊரடங்கு வந்தபோது அரசு ஆளுக்கு 1,000 பெசோ, குடும்பத்துக்கு அதிகபட்சம் 4,000 பெசோ அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால் அது பட்டியலில் பெயர் இருப்பவருக்கு. ஜீப்னி சிற்றுந்து ஓட்டுநருக்குப் பகலில் சவாரி இல்லையென்றால் ராத்திரிக்கு உலை வைக்க அரிசி இல்லை. பட்டியல் சரிபார்த்து முடியும்வரை வயிறு பொறுக்காது. பெயர், முகவரி, அடையாள அட்டை எதையும் கேட்காததால்தான் இந்த வண்டியால் அன்றைய பசியை அன்றே ஆற்ற முடிகிறது. இன்னொன்றும் உண்டு. தார்லாக் மாகாணத்துப் பனிக்கி விவசாயிகள் சர்க்கரைவள்ளிக்கிழங்கை மூட்டை மூட்டையாக அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் வசதிக்காரர்கள் இல்லை. கொடுக்கவும் இடம் இருப்பதால், வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

ஏப்ரல் 24, சனி

பாசிக் நகரில் சில பெண்கள் இதேபோன்ற ஓர் உணவு மேசையில் இருந்ததையெல்லாம், முட்டை அட்டைகள் உட்பட, வாரிக்கொண்டு போன காணொளியைக் காட்டி, சும்மா கொடுத்தால் இப்படித்தான் என்கிறார்கள். போனது ஒரு மேசைப் பொருள். அதைத் தடுக்க ஒவ்வொருவரிடமும் அத்தாட்சி கேட்டால், கூச்சப்பட்டுத் திரும்பிப் போகும் குடும்பங்களின் எண்ணிக்கை எந்தக் காணொளியிலும் பதிவாகாது. அந்த நஷ்டமே பெரிது என்பேன். நேற்று கேசோன் நகரில் ஒரு நடிகை நடத்திய உணவு வழங்கலில், வரிசைக்கு வந்த 67 வயது முதியவர் இறந்துபோனதை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. தொற்றுக் காலத்தில் பெயர் பெற்ற ஒருவர் முன்கூட்டி அறிவித்தால் கூட்டம் ஊர் கடந்து வரும். தெருவுக்கு ஒரு சின்ன மேசை, அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் தெரிந்தால் போதும். முதியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது தெருவில் இருப்பவர்களால்தான் முடியும். மக்களே பார்த்துக்கொண்டால் அரசு நழுவிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் கிடக்கும் பசியைக் காட்டிலும் வீதியில் வரிசையாக நிற்கும் பசியிடமிருந்து நழுவுவது கடினம். ஒரு மாத அரிசியை எந்த வண்டியும் தராது, அதை அரசிடம்தான் கேட்க வேண்டும். அதுவரை இந்த மேசைகளுக்கு அரிசி மூட்டைகளை அனுப்பிவிட்டு, யார் எடுத்தார்கள் என்று கேட்காமல் இருந்தாலே நகர நிர்வாகங்கள் பாதி வேலையைச் செய்ததாகும்.