பட்டை மணமும் ஒரு வாக்கியமும்

சென்ற சனிக்கிழமை சுவா சூ காங்கில் அடைமழை. வீட்டில் தமிழ் பேசத் தயங்கும் மகனோடு சேர்ந்து இரண்டு ஆப்பிள்களைத் தோல் சீவி நறுக்கினேன். வாணலியில் வெண்ணெய் உருகியதும் துண்டுகளை இட்டு வதக்கினோம். அவை மென்மையானதும் சர்க்கரையும், தேக்காவில் வாங்கிய பட்டையின் பொடியும் தூவினோம்.

“இது என்னம்மா?” என்றான்.

“பட்டை, ஒரு மரத்தின் உட்பட்டை. இலங்கையில் கறுவா என்பர்” என்றேன்.

சூடாகத் தின்றவன், “இன்னும் கொஞ்சம் வேணும்மா” என்றான்.

‘வேண்டும்’ எனத் திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு முக்கியத்துவம் தரப் பரிந்துரைத்தது. வகுப்பில் அதனைப் பின்பற்றும் நானே, வீட்டில் திருத்தித் திருத்தி அவன் வாயை அடைத்திருந்தேன். மீதியை அவன் தட்டில் இட்டேன்.

பெற்றோரே, முதலில் செவி கொடுப்போம், திருத்தம் பிறகு.