எலுமிச்சம்பழத் தொப்பி

விரலில் எலுமிச்சம்பழத்தைச் சொருகிக்கொண்டு திரிபவரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். நகச்சுத்தி வந்தவருக்கு வராது.

பகலில் வேலை மும்முரத்தில் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி வீடு அடங்கியதும்தான் அது தன் வேலையைக் காட்டும். நாடித்துடிப்பை நகக்கண்ணிலேயே எண்ணிவிடலாம். ஒரு பக்கம் நகம் விறைத்து நிற்பதால் வீக்கம் விலக இடமில்லை. கையைத் தொங்கவிட்டால் விண்விண்ணென்று தெறிக்கும். தலையணைமேல் உயர்த்தி வைத்தால் சற்று அடங்கும். போர்வை நுனி பட்டால் போதும், உயிர் போய்வரும்.

நகத்தடியில் தோல் மெல்லிய விளிம்பாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் காவல். நகம் கடிப்பவர்களும், பிய்ந்த தோலை இழுப்பவர்களும், அழகு நிலையத்தில் அந்த விளிம்பைச் சுரண்டச் சொல்பவர்களும் காவலைக் கலைத்துவிடுகிறார்கள். உள்ளே நுழைவது பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி.

என் பெரியம்மா பழத்தின் காம்புப் பக்கம் துளைபோட்டு, மஞ்சள்தூள் கொஞ்சம் தூவி, விரலை நுழைத்துவிடுவாள். புண்ணில் புளிப்பு பட்டால் எரிச்சல்தான் கூடும். ஆனால் பழம் மாட்டிய கையால் பத்துப்பாத்திரம் தேய்க்க முடியாது, மாவு கரைக்க முடியாது. விரல் எங்கும் இடித்துக்கொள்ளாது. "கை சரியில்லை" என்று வாயால் சொன்னால் யாரும் கேட்காத வீட்டில், அந்த மஞ்சள் தொப்பியைப் பார்த்தால் கேட்டார்கள். வைத்தியத்தில் பாதி அந்த ஓய்வுதான் என்பது என் கட்சி.

ஆரம்பத்திலேயே கவனித்தால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் 10, 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை அமிழ்த்தி, பிறகு ஈரம் போகத் துடைத்தாலே பலருக்கு வடிந்துவிடும். சீழ் கோத்து வெளுத்துவிட்டால் டாக்டரிடம் போவதே மேல். நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கத்தி நுனியால் லேசாக நெம்பிவிடுவார். சீழ் வெளியேறிய கணமே வலி பாதி இறங்கும். வீட்டு ஊசியால் குத்துகிற வீரம் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள், சிவப்பு கைக்கு ஏறுகிறவர்கள், விரல் நுனிச் சதையே கல்லாகிவிட்டவர்கள் வெந்நீரோடு காத்திருக்கக் கூடாது. கொத்துக்கொத்தாகச் சிறு கொப்புளம் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸின் வேலையாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது.

நாளெல்லாம் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களுக்கு, ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் மீன் வெட்டுகிறவர்களுக்கும், இது ஆறு வாரத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டே போகும். மாத்திரையைவிட அவர்களுக்கு வேண்டியது உலர்ந்த கை. உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரண்டு கையுறை போடச் சொல்வார்கள் டாக்டர்கள். அதை முதலாளி வாங்கித் தர வேண்டும்.