வேகமும் நிறுத்தமும்

வாகனம் வாங்குவோர் பலரும் அதன் வேகத்தையே வினவுகின்றனர். நிற்கும் திறனை வினவுவோர் சிலரே.

என்னிடமிருப்பது, வாப்பா 1990களில் வாங்கிய 346 சிசி புல்லட். கியர் வலக்காலுக்கு, பின்பிரேக் இடக்காலுக்கு, உதைத்தே கிளப்பவேண்டும். அண்மையில் 349 சிசி புதிய புல்லட்டை ஓட்டிப் பார்த்தேன். கியர் இடப்பக்கம், பொத்தானை அழுத்தினாலே எஞ்சின் இயங்குகிறது, அதிர்வும் குறைவு.

என்னைக் கவர்ந்தது அதன் பிரேக்கே. மணல் படிந்த சாலையில் அழுத்தியபோதும் முன்சக்கரம் வழுக்கவில்லை. சக்கரம் இறுகி நின்றுவிடும் தறுவாயில், பிடியைத் தளர்த்தித் தளர்த்திப் பற்றுகிறது ஏபிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்கு இந்தியாவில் 2019 முதல் இது கட்டாயம்.

பழைய வண்டியின் ஓசையில் வாப்பாவின் நினைவு ஒலிக்கிறது. அதை விற்க மனமில்லை. எனினும் குடும்பத்தாரை ஏற்றிச்செல்லப் புதியதே தக்கது. நம்மை நம்பிப் பின்னால் அமர்பவரின் உயிர் நம்மிடமுள்ள அமானிதமன்றோ?