அடியீற்றில் ஒளிந்த குறி

நமுனுகுலை மலையடித் தோட்டமொன்றின் ஆசிரியை ஒருவர், தம் அப்பாயி லயத்து வாசலிற் பாடிய ஒப்பாரிகளை விண்டோஸ் கணினியில் அடியடியாகத் தட்டெழுதி வைத்திருந்தார். அப்பாயி இன்று இல்லை. ‘ராசாவே’ என முடியும் அடிகளைத் தொகுக்க விரும்பிப் பதுளையில் ஒரு லினக்ஸ் கணினியில் தேடியபோது ஒன்றேனும் அகப்படவில்லை. திரையிலோ அவை கண்ணெதிரே நின்றன.

இது பழைய தொலைத்தட்டச்சுப் பொறி விட்டுச்சென்ற எச்சம். அச்சுமுனையை இடக்கரைக்கு மீட்க ஒரு குறியும், தாளை ஒரு வரி உயர்த்த மற்றொரு குறியும் அதற்கு வேண்டியிருந்தன. ஆஸ்கி அட்டவணையில் அவற்றின் எண்கள் முறையே 13, 10. விண்டோஸ் இரண்டையும் அடியீற்றில் இடும். லினக்ஸுக்கு 10 மட்டுமே வரிமுடிவு. எஞ்சிய 13 ‘ராசாவே’யின் பின் ஒட்டிக்கொள்ள, இயைபு கெடுகிறது. யாப்பிலக்கணம் காணாத இயைபுக் கேடு!

கட்டளை வரியில் ‘டிஆர்’ என்னும் சிறு கருவி 13ஐ நீக்கிப் புதுக் கோப்பொன்றைத் தரும். பழைய கோப்பின் பெயரையே அதற்கும் இட்டால், வாசிக்குமுன்பே மூலம் வெறுமையாகிவிடும். 10ஐயும் சேர்த்து நீக்குவோர் உளர். அப்போது எழுத்தொன்றும் குறையாது. ஆயினும் அப்பாயி மூச்சு வாங்கிய இடங்கள் யாவும் மறைந்து, ஒப்பாரி உரைநடையாகிவிடும். ஆசிரியை 13ஐ மட்டும் நீக்கினார். ‘ராசாவே’ அடிகள் ஒவ்வொன்றாய் வந்து நின்றன.