பார்த்துச் சொன்னதற்குக் கூலி

பிடித்த கலருக்காக இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்து கார் எடுக்கிற மனிதர், சர்வீஸ் பில்லில் ‘லேபர் 450’ என்று பார்த்தால் மூக்கால் அழுவார். அதே பில்லில் ஐயாயிரத்துக்கு ஒரு பேட்டரி ஏறியிருந்தால் பேச்சு மூச்சு இருக்காது. காசு போனாலும் பொருள் வந்துவிட்டதே என்று மனசு ஆறிக்கொள்ளும். பொருள் எதுவும் வராமல், “பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம்” என்று ஒருவர் பார்த்துச் சொன்னதற்கு நூறு ரூபாய் கேட்டால் மட்டும் வயிறு எரியும்.

அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பஸ்ஸுக்கு 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து இணைத்திருப்போம். பேட்டரிக்கென்றே தனி அறை, தனி ஆள். ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். 1250-க்கு மேலே நின்றால் நல்ல சார்ஜ். 1150-க்கு இறங்கினால் கழற்றிச் சார்ஜில் போட வேண்டும். சார்ஜ் ஏற்றிய பிறகும் ஆறு செல்லில் ஒன்று மட்டும் எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தால் அந்த பேட்டரியின் ஆயுசு முடிந்தது. அந்த அறையிலிருந்து வந்த சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவர் உத்தமர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அவருக்கு ஒரே சம்பளம். பொய் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை.

வெளியே பட்டறை வைத்திருப்பவர் நிலைமை வேறு. அவர் அரை மணி நேரம் குனிந்து பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்தால் “இதுக்கா இவ்வளவு?” என்கிறோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுக்கிற கமிஷன்தான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. பெரிய சர்வீஸ் சென்டரில் கமிஷனுக்குப் பதில் டார்கெட். இன்ஜின் ஃபிளஷ், த்ராட்டில் கிளீனிங், ஏசி கிருமிநாசினி என்று அட்வைசர் வரிசையாக டிக் அடிப்பது அந்த டார்கெட்டுக்காகத்தான். காருடன் வந்த கையேட்டில் எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறது. வாங்கிய நாளோடு டேஷ்போர்டு பெட்டிக்குள் போன அந்தப் புத்தகத்தை நாம் திறப்பதே இல்லை. மெக்கானிக்கைத் திருடன் என்று சொல்லும் முன், அவர் நியாயமாகப் பிழைக்க நாம் என்ன வழி வைத்திருக்கிறோம் என்று நான் கேட்பேன். ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். ஆனால் கூலியைப் பிடித்துக்கொண்டு உண்மையை மட்டும் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார், கோயம்புத்தூரில் ஐடி வேலை. ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம்தான், வண்டி கிளம்பவில்லை. போனில் விசாரித்த கடைக்காரர், வண்டியைப் பார்க்காமலே, “பேட்டரி டெட், புதுசு கொண்டு வரட்டுமா?” என்றாராம். நான் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தார்: 12.5. சாவியைத் திருப்பச் சொன்னார். செத்த பேட்டரியாக இருந்தால் அந்த நேரத்தில் அளவு 9-க்குக் கீழே சரியும். இது 12-ஐ விட்டு இறங்கவே இல்லை. கரண்ட் இருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். கீழே படுத்து, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரைக் கையால் ஆட்டிக் காட்டினார். போல்ட் தளர்ந்து, அடியில் துரு ஏறியிருந்தது. கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முறுக்கினார். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

“பேட்டரிக்கு ஒண்ணும் இல்லீங்க, இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்” என்றார். தம்பி பர்ஸை எடுத்தபடி, “வேலை ஒண்ணும் பெருசா இல்லையேண்ணா, எவ்வளவு தரட்டும்?” என்று கேட்டார். ஐயாயிரம் மிச்சமான இடத்தில் கேட்ட கேள்வி அது. “இருக்கறதக் குடுங்க” என்று அவர் சொல்ல, நான் குறுக்கே புகுந்து ஐந்நூறு வாங்கிக் கொடுத்தேன். தம்பிக்கு என் மேல் லேசான வருத்தம்தான்.

மீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை, பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் 12.6 இருந்தால் முழுச் சார்ஜ். 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. காட்டாவிட்டால் எத்தனை புது பேட்டரி வைத்தாலும் அதுவும் டவுன் ஆகும். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாசலின் தடவினால் போதும். என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: போர்டிகோவில் நிற்கிற வண்டியை வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணைப்பதால் பேட்டரிக்கு நன்மை கிடையாது. ஸ்டார்ட் பண்ண எடுத்த சார்ஜ்கூடத் திரும்பி ஏறாமல் போகலாம். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேரூர் வரை போய் வாருங்கள்.

மாற்ற வேண்டியதை மாற்றித்தான் ஆக வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வெயிலில் மூன்று நான்கு வருடம் உழைத்தாலே அது நல்ல பேட்டரி. சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வண்டிகளுக்கு அதற்கென்று செய்த பேட்டரி உண்டு, விலையும் கூடுதல். அதில் சாதாரண பேட்டரியை மாட்டிச் சமாளிப்பவர் சீக்கிரமே மறுபடி கடைக்கு வருவார். பிரேக், டயர் பக்கம் பேரமே கூடாது. பேட்டரி போனால் வண்டி கிளம்பாது. பிரேக் போனால் வண்டி நிற்காது.

இனி பழைய பேட்டரி. நாம் யாரும் யோசிக்காத இடம் இதுதான். பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம். எத்தனை முறை உருக்கினாலும் கெடாத உலோகம் என்பதால் காயலான் கடையில் அதற்கு எப்போதும் மவுசு. 327 டிகிரியில் உருகிவிடும். ஃபேக்டரி வேண்டாம், கொல்லைப்புற அடுப்பே போதும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆசிடை மண்ணில் கொட்டி, பெட்டியைக் கோடாலியால் பிளந்து, திறந்த வெளியில் உருக்குகிறவருக்குச் செலவே கிடையாது. புகைக்கு வடிகட்டி வைத்து, ஆசிடைச் சுத்திகரித்து, லைசென்ஸ் எடுத்து நடத்துகிறவரைவிட அவரால் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் ஓரத்தில் தியாரோயே-சூர்-மேர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள்; ஈயம் கலந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தும் விற்றார்கள். 2007 கடைசியிலிருந்து 2008 தொடக்கத்துக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதே அளவு ஈயம் உள்ளே போனால், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகம் இழுத்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு மேல் போனால்தான் ஆபத்து என்று சொல்ல ஓர் அளவும் கிடையாது. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று யுனிசெஃப் 2020-ல் சொன்னபோது, முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது இந்தப் பழைய பேட்டரிகளைத்தான். பெட்ரோலில் கலந்த ஈயத்தை 2000-த்தோடு நம் நாட்டில் ஒழித்துவிட்டார்கள். பேட்டரியில் இருப்பது இன்னும் நம் வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பழைய பேட்டரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது; 2022-ல் வந்த புது விதி, சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தது. ஆனால் ‘பழைய பேட்டரிக்கு நல்ல விலை’ என்று ஸ்பீக்கர் கட்டி வண்டி வரும்போது, கடைக்காரர் கழிப்பதைவிட இருநூறு ரூபாய் அதிகம் என்றதும் கொடுத்துவிடுகிறோம். அந்த இருநூறு யாரிடமிருந்து வருகிறது? நான் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, கழித்த தொகையை பில்லில் எழுதச் சொல்லி வாங்குவேன். பில் போட்டு வாங்கியதற்குக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டு.

மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்தது என்கிறார்கள் இளைஞர்கள். அதிலும் லைட்டுக்கும் லாக்குக்கும் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தாலும் இந்தச் சின்னது படுத்தால் வண்டி எழுந்திருக்காது. பெரிய பேட்டரிக்குப் பொதுவாக எட்டு வருடம் வாரண்டி. அது முடிந்த பிறகு கோளாறு வந்தால், பல லட்சத்துக்கு முழு பேட்டரியையும் மாற்று என்பவரும் வருவார். கெட்டுப்போன மாட்யூலை மட்டும் கண்டுபிடித்து மாற்றித் தருகிறவரும் வருவார். இரண்டாமவர் பார்க்கிற வேலை நேரம் பிடிக்கும், படிப்பும் வேண்டும்.

எங்கள் மெக்கானிக் இப்போது பட்டறைச் சுவரில் பெயின்டால் எழுதி வைத்துவிட்டார்: ‘செக்கிங் சார்ஜ் ரூ. 200’. அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு இடத்தில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள், நீங்கள் ஒரு தடவை பாருங்கள் என்று தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எது அதிகம் என்று கேட்டேன். “போறவங்கதானுங்க ஜாஸ்தி” என்றார். போர்டை அழிக்கவில்லை.