மின்னல் பெட்டி

ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்றால் சில சமயம் முன்கூட்டியே சொல்லிவிடும். எங்கள் தூத்துக்குடி வீட்டுக் கணினி சொன்னது 2016 ஐப்பசியில், ஒரு மழை நாளில். டிக், டிக் என்று பல்லி கத்துவது போல உள்ளேயிருந்து ஒரு சத்தம். பல்லி சொன்னால் பஞ்சாங்கத்தைப் புரட்டி எந்தத் திசைக்கு என்ன பலன் என்று பார்க்கலாம். இதற்கு எல்லாத் திசைக்கும் ஒரே பலன்தான். பழுது பார்க்க வந்த பையன் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, டிஸ்க் இனிமே தாங்காது. உள்ள என்ன கெடக்கோ, இன்னைக்கே வெளிய எடுத்துருங்க" என்றான்.

உள்ளே கிடந்தது பாட்டு. 9,000-க்குக் கொஞ்சம் மேலே, 46 ஜிபி.

அன்று சாயங்காலமே ஒரு டெராபைட் கொள்ளும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நனையாமல் வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான் அளவு. பதின்மூன்று வருஷம் சேர்த்தது அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்று கணக்குப் பார்த்தபோது சின்ன அவமானமாக இருந்தது. வீடு காலி செய்ய லாரியை வரச்சொல்லிவிட்டு ஒரு பாயையும் தலையணையையும் ஏற்றுகிற மாதிரி.

2003-இல் சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய கணினி அது. 80 ஜிபி டிஸ்க். அன்றைக்கு அது பெரிய மனிதர் வீட்டுக் களஞ்சியம். "இவ்வளவு எதுக்கு சார், எதைப் போட்டு நெப்பப் போறீங்க?" என்று பூட்டிக் கொடுத்தவரே கேட்டார். சி டிரைவ் கணினிக்கு, டி டிரைவ் பாட்டுக்கு என்று இரண்டாகப் பிரித்தோம். ஒரு எம்பி என்றால் ஏறக்குறைய ஒரு நிமிஷப் பாட்டு. 700 எம்பி சிடி ஒன்றில் நூற்றைம்பது பாட்டு. நெட் சென்டரில் இறக்கியது, நண்பர்களின் சிடிகளிலிருந்து உருவியது, யாரோ கல்யாணத்துக்கு வந்தபோது பென் டிரைவில் விட்டுப்போனது என்று டி டிரைவ் வளர்ந்தது. இதில் காசு கொடுத்து வாங்கியது எத்தனை என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் இளையராஜா பேச்சுக்குப் போய்விடுவேன்.

அந்த இளையராஜாவே என் கணினியில் ஐந்து பேராக இருந்தார். ஆங்கிலத்தில் 'எல்' ஒன்று உள்ளவர், இரண்டு உள்ளவர், நடுவில் 'ஒய்' உள்ளவர், இல்லாதவர், வெறும் 'ராஜா'. மௌன ராகமும் நாயகனும் ஒரே தலைமுறைப் படங்கள்தான், ஆனால் என் டிஸ்கில் வேறு வேறு ஆள் இசையமைத்தவை. பாட்டு ஃபைலின் வாலில் பெயர் எழுதி வைக்கப் பழைய எம்பி3 முறை கொடுத்த இடம் முப்பது எழுத்து. எஸ்.பி. பாலசுப்ரமண்யம் என்று ஆங்கிலத்தில் ஒழுங்காக இடம் விட்டு எழுதி, ஒரு கமா போட்டு, எஸ். ஜானகி என்று தொடர்ந்தால் கடைசி இரண்டு எழுத்துக்கு இடமிருக்காது. ஆகவே நூற்றுக்கணக்கான டூயட்டுகளில் எஸ்.பி.பியோடு பாடுகிறவர் பெயர் 'எஸ். ஜான'. 'கி' மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது.

இதையெல்லாம் நான் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் விண்டோஸ் எக்ஸ்பி. மொத்தத்தையும் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்றுதான் இருந்தேன். திரையில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்குக் காகிதம் பறந்தது. இன்னும் 48 நிமிடம் என்றது. அடுத்து இரண்டு மணி நேரம் என்றது. பிறகு 11 நிமிடம். பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் வண்டி எப்போது வரும் என்று கேட்டால் சொல்வார்களே, அந்தக் கணக்கு. பத்து நிமிஷம் பறந்த காகிதம் ஓரிடத்தில் அப்படியே நின்றது. டிஸ்க் பல்லி போலக் கத்தியது. ஒரு பிழைச் செய்தி வந்து எல்லாம் நின்றுபோனது. படிக்க முடியாத ஒரு ஃபைலைத் தாண்டி மற்றதை எடுத்துப்போகும் வழக்கம் எக்ஸ்பிக்குக் கிடையாது. ஒரு மாடு படுத்தால் வண்டியே நிற்கும்.

ஆகவே ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து, நல்லது எது கெட்டது எது என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கியது, முடியும்போது மணி இரண்டரை. வெளியே மழை விடவில்லை.

'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'நியூ ஃபோல்டர் (3)'. பெயர் வைக்கச் சோம்பல்பட்ட நாட்கள். 'ராஜா சோகம்' என்று ஒன்று, அதை எந்த மாதம் சேர்த்தேன் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டாம். 'கேசட்' என்று ஒன்று. அதில்தான் ரொம்ப நேரம் போயிற்று.

2008-இல் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, வீட்டிலிருந்த கேசட்டுகளை டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு வயர் வழியாகக் கணினிக்குள் இறக்கினேன். பெரும்பாலும் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. நாம் ஒரு தாளில் பாட்டு எழுதிக் கொடுப்போம், மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு பதிந்தபின் ஒன்றரை நிமிஷ டேப் மிச்சம் கிடக்கும். அதைச் சும்மா விட அந்தக் கடைக்காரருக்கு மனம் வராது. தனக்குப் பிடித்த ஏதோ ஒரு பாட்டைத் தொடங்கி, டேப் முடிகிற இடத்தில் முடியட்டும் என்று விட்டுவிடுவார். அப்படி வந்து சேர்ந்த அரைப் பாட்டுகள் எனக்கு நிறைய உண்டு. பல்லவி தெரியும், இடையிசை தெரியும், சரணத்தின் வாசலில் 'டக்' என்று டேப் நிற்கும். இருபது வருஷம் கழித்து அதில் ஒரு பாட்டை ஒரு டீக்கடையில் முழுசாகக் கேட்டேன். சரணம் வந்தபோது, அறிந்தவர் வீட்டில் அறியாத அறை ஒன்றுக்குள் நுழைந்துவிட்ட மாதிரிக் கூச்சமாக இருந்தது. இன்றும் அந்த இடத்தில் என் காது ஒரு 'டக்'குக்குக் காத்திருக்கிறது.

அதே ஃபோல்டரில் அப்பா பதிந்த கேசட் ஒன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். கடல் மட்டும்தானே குறுக்கே. பி.எச். அப்துல் ஹமீதின் குரலைத் தெரியாத வீடு தெருவில் கிடையாது. அப்பா ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்து, எல்லோரையும் பேசாதே என்று சைகை காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். மனிதர்கள் பேச்சைக் கேட்டார்கள். குக்கர் கேட்கவில்லை. ஒரு காகமும் கேட்கவில்லை. பழைய பாட்டு ஒன்றின் நடுவே இரண்டு விசில் உண்டு, பிறகு அடுப்பைக் குறைக்க யாரோ விரைந்து போகும் வளையல் சத்தம்.

எம்பி3 முறையின் சாமர்த்தியமே காது தவறவிடுவதைத் தானே கழித்துவிடுவதுதான். பெரிய ஓசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓசை எப்படியும் காதில் விழாது என்று கணக்குப் போட்டு அதை எடுத்துவிடும். அதனால்தான் சிடியில் ஐம்பது எம்பி பிடிக்கிற பாட்டு ஐந்து எம்பிக்குள் அடங்குகிறது. ஜெர்மனிக்காரர்கள் செய்த கணக்கு, குறை சொல்ல முடியாது. குக்கர் விசில் பிழைத்துக்கொண்டது. வளையலும் பிழைத்தது. அவற்றுக்குப் பின்னால் அந்தச் சமையலறையில் வேறு என்னென்ன இருந்ததோ, 2008-இல் 'சேவ்' என்று அழுத்தியபோது நானே கழித்துவிட்டேன். கேசட்டும் அதற்குள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது.

அப்பாவுக்குப் பிறகு, பகலில் அந்தக் கணினி அம்மாவுடையது. நான் அலுவலகம் போனபின் திறந்து பாட்டுக் கேட்பாள். பாட்டை ஓட்டும் மென்பொருளின் பெயர் வின்ஆம்ப், அது எந்நாளும் அவள் வாயில் நுழையவில்லை. அதன் சின்னம் ஒரு மின்னல். "மின்னல் பெட்டி" என்று அவளாக ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். "மின்னல் பெட்டிய எங்கடா காணோம், நேத்து எதையோ அழுத்திட்ட போல" என்று மத்தியானம் போன் வரும். திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்கள் அவளுக்கு உதவாது என்பதால் நான் பாட்டுகளை எண் போட்டு அடுக்கி, எந்த எண் எந்தப் பாட்டு என்று தமிழில் அச்சடித்து மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஏழு வேண்டுமென்றால் ஏழாவது வரியை இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டுவதில் இரண்டாவது தட்டு எப்போதும் தாமதமாக வரும், அது வேறு கதை.

நகல் எடுத்து முடித்த அந்த ராத்திரி, அணைப்பதற்கு முன் வின்ஆம்பைத் திறந்து பார்த்தேன். எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்று அது ஓர் ஓரத்தில் கணக்கு வைத்திருக்கும். அதிகம் ஓடியது மேலே வரும்படி அடுக்கினேன். முதலில் வந்தது நான் கேட்டது எதுவும் இல்லை. பாசமலர் படத்தில் டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடிய தாலாட்டு, 214 தடவை. அடுத்தது 90-ஐத் தாண்டவில்லை. அம்மா போய் அப்போது இரண்டு வருஷம்.

மறு வாரம் அந்தப் பழைய பெட்டியைக் கடையில் கொடுத்து, கழித்துக்கொண்ட தொகைக்கு மேலே பணம் போட்டு ஒரு மடிக்கணினி வாங்கினேன். வெளி டிஸ்கைச் செருகினேன், எல்லாம் இருந்தது. டிஸ்க் படிக்க மறுத்த பதினேழு பாட்டைத் தவிர எல்லாம். வின்ஆம்பை நிறுவி மொத்தத்தையும் உள்ளே சேர்த்தேன். 214 இல்லை. எல்லாப் பாட்டுக்கு நேரேயும் காலியிடம். ஒன்பதாயிரம் பாட்டும் அன்றைக்குத்தான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக அது நம்பியது.

காரணம் எளிது, அப்போது எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பாட்டின் பெயர் ஃபைலுக்குள் இருக்கிறது. பாட்டு போகும் இடமெல்லாம் அதுவும் போகும், 'கி' இல்லாமலாவது. எத்தனை தடவை கேட்டோம் என்பது பாட்டுக்குள் இல்லை. அது வின்ஆம்பின் சொந்தக் குறிப்பேடு. சி டிரைவில், நான் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு ஃபோல்டரில் இருந்தது. சட்டி பானை எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, சுவரில் பென்சிலால் கிறுக்கியிருந்த பால் கணக்கை விட்டுவிட்டு வந்தவன் நான். கடைக்கு ஓடினேன். பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

விளையாட்டாகக் கண்ணில் பட்ட ஒன்று: நகல் எடுத்த ஒவ்வொரு ஃபைலிலும் 'உருவான தேதி' 2016, 'மாற்றிய தேதி' 2004 என்றும் 2008 என்றும். பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே திருத்தி எழுதப்பட்ட பிள்ளைகள். விண்டோஸ் இப்படித்தான் செய்யும். எனக்கு அது பிடித்திருந்தது. ஏதோ ஒரு பழைய தேதியாவது வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அம்மாவின் பாட்டு வரிசையும் வந்திருந்தது, ஆனால் தட்டினால் ஒன்றும் பாடவில்லை. நோட்பேடில் திறந்தால் அது வெறும் விலாசப் பட்டியல். ஒவ்வொரு பாட்டும் டி டிரைவில் இந்தத் தெரு, இந்த வீடு என்று சொல்கிறது. புது இடத்தில் டி இல்லை, வெளி டிஸ்குக்கு எஃப் என்று பெயர். டி என்பதையெல்லாம் எஃப் என்று மாற்றச் சொன்னேன், ஒரு நொடி வேலை. நாற்பதில் முப்பத்தொன்பது பாடின. பாடாத ஒன்று அந்தப் பதினேழில் போனது.

"போன்ல இருக்குப்பா" என்றாள் மகள், உடனே எடுத்தும் கொடுத்தாள். இருந்தது. நான் டிஸ்கில் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக, பெயரெல்லாம் சரியாக, இளையராஜா ஒரே ஆளாக. நான் நன்றி கெட்டவன் இல்லை. பயணங்களில் போனில்தான் கேட்கிறேன். ஆனால் அங்கே இருப்பது எல்லோருக்கும் ஒரே பாட்டு. குக்கர் விசிலோடு கூடிய பாட்டு வெளி டிஸ்கில்தான் இருக்கிறது. அதை பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செருகி, பல்லி கத்துகிறதா என்று காதை வைத்துக் கேட்பேன்.

சென்ற மாதம் அப்படிச் செருகியபோது, பாட்டுகளுக்கு நடுவே ஒரு வேர்டு ஃபைல் கண்ணில் பட்டது. திறந்தேன். சுவரில் ஒட்டிய அந்தப் பட்டியல்தான் என்று எண்கள் காட்டின. எண்களுக்கு எதிரே ஒரு பாஷையிலும் சேராத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. இறக்கிக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை. இருந்தாலும் மேலே தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று அது தொடங்கியது. நான் தமிழ்த் தட்டச்சு லோயர் முடித்தவன். கண்ணுக்குப் புரியாவிட்டால் கைக்குப் புரியலாம் என்று மேசை மேல் விரல்களை வைத்தேன். ஐந்தும் வலது கைக்கே வந்தன. சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல், மறுபடி நடுவிரல், சுட்டுவிரல்.

அம்மா.

கையை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.