கப்பி, கம்பி, கொஞ்சம் கணக்கு



என் அண்ணன் பேரன் சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டுகிறான். 2018 ஆசியப் போட்டியில் வருண் தக்கரும் கணபதியும் வெண்கலம் வாங்கினார்களே, ஃபார்ட்டிநைனர் என்ற படகில்? அதே ஜூலியன் பெத்வெய்ட் வடிவமைத்த தம்பிப் படகு ட்வென்டிநைனர். அதில் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார்கள். கப்பி, கயிறு, கம்பி எல்லாம் தேய்ந்துபோயிருக்கின்றன. அவன் அப்பா கொடுத்தது 30,000 ரூபாய். புதிதாக எல்லாம் வாங்க அது போதாது. "பாட்டி, எதை விடலாம், எதை விடக்கூடாது?" என்று பட்டியலோடு வந்தான்.

எனக்குப் படகு தெரியாது. கப்பி தெரியும். எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! நாலு கயிற்றுப் பாகம் சுமையைத் தாங்கினால் கால் பங்கு விசை போதும், ஆனால் நாலு மடங்கு கயிறு இழுக்கணும். உராய்வு தனி. இதைவிட முக்கியமான ஒன்றைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். கயிறு ஒரு கப்பியில் அப்படியே திரும்பி வந்தால், கப்பியின் மேல் விழுவது கயிற்றின் இழுவையைப் போல இரண்டு மடங்கு. 50 கிலோ இழுத்தால் கப்பிக்கும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிக்கும் 100 கிலோ. கப்பியில் பொறித்திருக்கும் எண் வேலைப் பளுவா, உடையும் பளுவா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அவனும் நானும் உட்கார்ந்து பிரித்தோம். பெரிய பாயின் கயிறு (நம் கடலோர மக்கள் தாமான் என்பார்கள்) நிமிடத்துக்குப் பத்து தடவை ஓடும். அங்கே குண்டு வைத்த ராட்செட் கப்பிக்குக் காசு கொடுக்கலாம். அது ஒரு பக்கம் சுழலும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும், கை ஓயாது. பாயை இறுக்கிவிட்டு அப்படியே விடும் இடங்களில் குண்டுக் கப்பி வீண். ஒரே இடத்தில் அழுத்தம் நின்றால் பிளாஸ்டிக் குண்டு நசுங்கும். சாதாக் கப்பியே நல்லது. சில ஷாக்கிள்களுக்குப் பதில் டைனீமா கயிற்றால் நாலு சுற்றுக் கட்டு போதும், எடையும் குறையும். போட்டிக்குப் போவதென்றால், எதை மாற்றலாம் என்று அந்தப் படகின் விதிகளை முதலில் படிக்கச் சொன்னேன்.

மண்ணடியில் ஒரு கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டல பாருங்கம்மா, 316" என்றார். 304 எஃகிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது ஐயா என்றேன். 316இல் மாலிப்டினம் உண்டு, உப்புத் தண்ணீரைத் தாங்குவது அதனால்தான். காந்தம் அதைச் சொல்லாது. எழுதிய சான்று கேட்டேன், இல்லை. வாங்காமல் வந்துவிட்டோம்.

ட்ரபீஸ் கம்பியில் மட்டும் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்க விடவில்லை. கூடப் போகும் பையன் முழு உடம்பையும் அதில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேல் தொங்குகிறான். அவன் வேறொரு வீட்டுப் பிள்ளை. பஞ்சை எடுத்துக் கம்பி நெடுகத் தடவச் சொன்னேன். மூன்று இடத்தில் பஞ்சு சிக்கியது. அங்கெல்லாம் இழை அறுந்திருக்கிறது. தாமான் கப்பியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் புதுக் கம்பி சொல்லியிருக்கிறோம். பேரனுக்கு முகம் கொஞ்சம் வாட்டம்தான். பழைய கப்பியோடு கை வலிக்க இழுக்கட்டும்.

துறைமுகம் பக்கம் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் யாராவது, சான்றோடு 316 திருகாணி கிடைக்கும் கடை தெரிந்தால் கீழே எழுதுங்கப்பா.